சட்டம்

எங்கள் கடையில் சட்டம் என்றால்
அறுநூற்றைம்பது ரூபாயிலிருந்து தொடங்கும்.
மூக்கில் உட்காரும், காதில் தொங்கும்,
வளைந்தால் சூடுகாட்டி நிமிர்த்தித் தருவேன்.

வெட்டூர்ணிமடம் கிளாரன்ஸ் வக்கீல் சொன்ன சட்டம் வேறே.
பேர், போன் நம்பர், பிறந்த வருஷம், கண்ணின் பவர்
எல்லாம் அவரவர் சொத்தாம்.
கேட்டு வாங்கணும், எதுக்கென்று சொல்லணும்,
வேண்டாமென்றால் அழிக்கணும்.
அபராதத்தில் எத்தனை சுழி என்று எண்ண
மேசையில் என் கண்ணாடியைத் தேடினேன்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினான்கு வருஷம்.
கணினியில் பதினோராயிரத்து முந்நூற்று ஆறு வரிகள்.
கருங்கல், இரணியல், முட்டம், குலசேகரம்,
எந்த ஊரில் எத்தனை பேருக்கு நாற்பது தாண்டியது என்று
பஞ்சாயத்தைவிட எனக்குத் தெரியும்.
நாகர்கோவில் பெரிய கடைக்காரர் ஒருமுறை
வரிக்கு இரண்டு ரூபாய் என்று விலை பேசினார்.
கொடுக்கவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல,
நான் மூன்று கேட்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் செய்தி போயிற்று:
உங்கள் விவரத்தை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா?

நானூறு பேர் சரி என்றார்கள்.
இரண்டு கண்ணாடியைக் கடலுக்குக் கொடுத்த
குளச்சல் விசைப்படகுக்காரர்
'அழிச்சிராதிய, மூணாவதும் போகும்' என்று
காற்று இரைச்சலோடு குரல் அனுப்பினார்.
போன கிறிஸ்துமசுக்கு பைபோக்கல் வாங்கியவர்
'நீங்க யாரு?' என்றார்.
செத்தவர்களின் நம்பரில் யார் யாரோ பேசினார்கள்.
மிச்சப் பேர் வாய் திறக்கவில்லை.
மௌனம் சம்மதம் என்று கல்யாண வீட்டில் சொல்லலாம்,
இங்கே செல்லாது என்றார் வக்கீல்.

கல்யாண வீடு என்றதும்
ஏழாயிரத்து நாற்பத்திரண்டாம் வரி.
பிரின்சி ஷர்மிளா, முளகுமூடு.
இரண்டு கண்ணும் மைனஸ் ஆறரை.
ஐந்து வருஷத்துக்கு முன் வெள்ளைக் காரில் வந்த இருவர்
கூலிங் கிளாஸ் பார்ப்பதுபோல் பார்த்து
'அந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி உண்டா?' என்றார்கள்.
ஒளிக்க இதில் என்ன இருக்கிறது என்று
தசமம் பிசகாமல் சொன்னேன்.
கூலிங் கிளாஸ் வாங்கவில்லை.
நிச்சயம் நின்றுபோனதை அந்த ஊர்க்காரி ஒருத்தி சொன்னாள்.
லென்ஸ் துடைத்துக்கொண்டே கேட்டேன்.
வெகுநேரம் துடைத்தேன்.

பிரின்சியிடமிருந்து ஒரே சொல் வந்தது:
அழிக்கவும்.
அழித்தேன்.
கீழே இருந்த வரி ஏறி வந்து
அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.
பில்லில் மட்டும் இன்னும் இருக்கிறாள்,
அது ஜிஎஸ்டிக்காரர்களுக்கு.

டிசம்பர் சலுகைச் செய்தி இந்த வருஷம்
நானூறு பேரோடு நின்றது.
லென்ஸ் உரசும் அஜின்ஷாவுக்கு போனஸ் பாதி.
ஏன் என்றான்.
சட்டம் என்றேன்.
சுவரில் வரிசையாகத் தொங்கியவற்றைத் திரும்பிப் பார்த்தான்.

நேற்று யேசுவடியான் வந்தார், ரப்பர் வெட்டுகிறவர்.
வக்கீல் தந்த தாளை நீட்டினேன்:
படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும்.
கையை முழுநீளம் நீட்டிப் பிடித்தார்,
வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தார்.
'கண்ணு தெரியாமத்தானே பிள்ள இங்க வந்தேன்.'

சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி
பிளஸ் இரண்டு போட்டேன். ஆடியது.
இரண்டேகால். எழுத்து நின்றது.
ஆராதனையில் வேதம் வாசிக்கிற குரலில்
விரல் வைத்துக் கடைசிவரை வாசித்தார்.
'வேண்டாம்ணு போட்டா கண்ணாடி தரமாட்டியளா?'
தருவேன்.
'அப்போ வேண்டாம்.'
கோடு தாண்டாமல் அந்தக் கட்டத்துக்குள் டிக் போட்டார்.

ரெடியானால் எப்படிச் சொல்லி அனுப்புவது என்று கேட்டேன்.
'புதன்கிழம இந்த வழியாத்தான் வருவேன்' என்று
மூக்கிலிருந்ததைக் கழற்றித் தந்துவிட்டு
படியைக் காலால் தடவி இறங்கினார்.